தோழிகளின் மலையில் ஒரு பிறந்தநாள்

2025ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் தேதி எனக்கு 45 வயது நிறைந்தது. அன்று மதியம் பூம்பாறையில், என் கல்லூரித் தோழியின் அம்மா வீட்டு அடுப்படியில் பலகை போட்டு அமர்ந்து, தணலில் சுட்ட முழுப் பூண்டை விரலால் பிதுக்கிச் சுடுசோற்றோடு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் வலப்பக்கத்தில் பழனியும் இடப்பக்கத்தில் தாண்டிக்குடியும் எதிரே பூம்பாறையும் அமர்ந்திருந்தார்கள். இவை மூன்றும் ஊர்களின் பெயர்கள் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும். எனக்கோ 28 ஆண்டுகளாக இவை என் தோழிகளின் பெயர்கள்.

1997இல் திண்டுக்கல்லுக்கு அருகே ஒரு கல்லூரியில் நாங்கள் சேர்ந்தபோது, விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேர் என்று ஒதுக்கினார்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருந்த விடுதி அது. ஆகவே யாரையும் ஊர்ப் பெயர் சொல்லி அழைப்பதே வழக்கமாக இருந்தது. நான் நிலக்கோட்டை. மற்ற மூவரும் பழனி மலைத்தொடரின் அடிவாரத்திலிருந்தும் நடுமலையிலிருந்தும் மேல்மலையிலிருந்தும் வந்தவர்கள். ‘ஏ நிலக்கோட்டை, எந்திரிடி’ என்று அவர்கள் என்னை எழுப்பிய குரல் இப்போதும் தொலைபேசியில் அப்படியேதான் வருகிறது.

அம்மாவைப் பிரிந்து நான் கழித்த முதல் பிறந்தநாள் 1998 மார்ச்சில் வந்தது. வீட்டில் இருந்தவரை ஒவ்வொரு பங்குனியிலும் என் நட்சத்திரம் பார்த்து அம்மா கோயிலில் அர்ச்சனை செய்வார். பால் பாயசம் வைப்பார். விடுதியில் அன்றைக்கும் வழக்கமான சாம்பார்தான். சாப்பிடப் பிடிக்காமல் அறைக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். சற்று நேரத்தில் என் டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து யாரோ இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது பெட்டியின் மீது துண்டு விரித்து, பழனி ஒரு பஞ்சாமிர்த டின்னையும், தாண்டிக்குடி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் காப்பித்தூளையும், பூம்பாறை ஓர் எவர்சில்வர் தூக்கில் பூண்டு ஊறுகாயையும் எடுத்து வைத்திருந்தார்கள். மூவரும் விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பியபோதே என் பிறந்தநாளுக்கென்று கேட்டு வாங்கி, மூன்று வாரம் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தவை அவை. என் அம்மா கொடுத்தனுப்பியிருந்த அதிரசத்தில் நான்கு மிச்சம் இருந்தது. அதிரசத்தைப் பஞ்சாமிர்தத்தில் தொட்டுத் தின்றோம். மெஸ்ஸில் வெந்நீர் கேட்டு வாங்கி, துணியில் வடிகட்டிக் காப்பி குடித்தோம். மிஞ்சிய தயிர்சாதத்தைக் கொண்டுவந்து ஊறுகாயோடு தின்று தீர்த்தபோது மணி பதினொன்று ஆகிவிட்டது.

அதற்குப் பின் கல்லூரி முடியும்வரை நால்வருக்கும் வந்த எல்லாப் பிறந்தநாளும் அந்த டிரங்குப் பெட்டியின் மீதுதான் நடந்தன. ஒருத்தியின் ஊர்ப் பண்டம் தீர்ந்தால் இன்னொருத்தியினது வந்துவிடும். அவர்களுடைய ஊர்களை நான் முதலில் அறிந்தது நாக்கினால்தான். ஆனால் அந்த ஊர்களுக்குப் போனதே இல்லை. கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு இரண்டு முறை போயிருக்கிறேன். எல்லோரையும் போல ஏரியைச் சுற்றி, கோக்கர்ஸ் நடைபாதையில் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறேன். இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பூம்பாறைக்கு வண்டியைத் திருப்பத் தோன்றவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

என் 40ஆவது பிறந்தநாளுக்கு மூன்று வீடுகளுக்கும் போய்ச் சாப்பிடுவது என்று முடிவு செய்து, நால்வரும் விடுப்பும் எடுத்துவிட்டோம். அது 2020 மார்ச். 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. 27ஆம் தேதி நால்வரும் தொலைபேசித் திரையில் முகம் பார்த்துக்கொண்டோம். ‘அடுத்த வருஷம் போவோம்டி, மலை எங்கே போகப்போகுது’ என்றாள் தாண்டிக்குடி. அடுத்த ஆண்டு மே மாதத்தில், இரண்டாம் அலையின் ஊரடங்குக் காலத்தில், அவளுடைய அம்மா காலமானார். துக்கத்துக்குக் கூட எங்களால் போக முடியவில்லை. மூன்று ஆண்டுகள் விடுதியில் நான் குடித்த காப்பியை வறுத்து அரைத்து அனுப்பிய அந்தக் கைகளை நான் பார்த்ததே இல்லை என்பது அன்றிரவு முழுவதும் என்னை உறங்கவிடவில்லை. மலை இருந்த இடத்தில்தான் இருந்தது.

ஆகவே இந்த முறை யாரும் எதையும் தள்ளிப்போட அனுமதிக்கவில்லை. ஜனவரியிலேயே பழனி நாள் குறித்துவிட்டாள். பரிசு வாங்கக் கூடாது, கேக் வாங்கக் கூடாது, எந்த வீடு விடுதிக்கு எதை அனுப்பியதோ அந்த வீட்டில் அதைத்தான் சாப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. என் பங்குக்கு நான் நிலக்கோட்டையில் அம்மாவிடம் அதிரசம் வாங்கிக்கொண்டு, பூச்சந்தையில் இரண்டு கிலோ மல்லிகை மொட்டும் வாங்கினேன். வாடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி, வாழைமட்டைக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள்.

25ஆம் தேதி மாலை திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் புறப்பட்டேன். ஒட்டன்சத்திரத்தைத் தாண்டியதும் சாலையோரம் விருப்பாட்சி என்ற ஊர் வருகிறது. ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற கோபால நாயக்கரின் பாளையம் அது. வேலு நாச்சியார் அடைக்கலம் பெற்றிருந்த ஊரும் அதுவே. பழனிப் பஞ்சாமிர்தத்தின் உயிரான மலைவாழைக்கும் அந்த ஊரின் பெயர்தான். விருப்பாட்சி மலைவாழைக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயக்குடிக்கு வந்தபோது கொய்யாக் கூடைகள் வரிசையாக இருந்தன. ஒரு கிலோ வாங்கி, உப்பு மிளகாய்த்தூளோடு வண்டியிலேயே தின்றுகொண்டு பழனி போய்ச் சேர்ந்தேன். மற்ற இருவரும் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார்கள்.

பழனியின் வீடு அடிவாரத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்ததால் ஊர் அமைதியாக இருந்தது. மறுநாள் அதிகாலையில் மலையேறித் தரிசனம் செய்து இறங்கியபோது, அவளுடைய அம்மா கூடத்தில் பெரிய பித்தளைப் பாத்திரத்தின் முன் அமர்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார். மலைவாழைப்பழம் விரல் நீளத்தில் தடித்த தோலோடு இருக்கும். தோலில் கரும்புள்ளி விழுந்த பின்புதான் அது பஞ்சாமிர்தத்துக்குப் பக்குவமாகும். உரித்தால் சதை கையில் ஒட்டாது; அழுத்தினால் நீர் விடாது. மற்ற வாழைப்பழங்களை விட இதில் ஈரம் குறைவு. பஞ்சாமிர்தம் நாள்பட இருந்தும் கெடாமல் இருப்பதற்கு இந்தக் குறைந்த ஈரமும் சர்க்கரையின் அடர்த்தியும்தான் காரணம். அதில் சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை.

‘கையை நல்லாத் துடைச்சிட்டு வா கண்ணு, ஈரம் பட்டாப் போச்சு’ என்று சொல்லி, முதல் பழத்தை என் கையில் கொடுத்தார். நால்வரும் பிசைந்தோம். பழம் கூழானதும் நாட்டுச் சர்க்கரையைப் போட்டார். அது கவுந்தப்பாடிச் சர்க்கரை. பழனிக் கோயிலும் அங்கிருந்துதான் வாங்குகிறது. சர்க்கரை இளகி நிறம் கறுத்துப் பளபளப்பு ஏறும்வரை கையை எடுக்க விடவில்லை. பின்னர் விதை நீக்கிய பேரீச்சை, கற்கண்டு, ஏலம், தேன் என ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் நெய்யை ஊற்றினார். கோயில் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றபோது, தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் அதுவே முதலாவது. அந்தச் சான்றிதழில் எழுதியிருப்பதை எல்லாம் இந்த அம்மா கையாலேயே அறிந்து வைத்திருக்கிறார். நாங்கள் இட்லிக்குத் தொட்டுக்கொண்டும், இட்லி தீர்ந்த பின் வெறுமனே வழித்தும் தின்றோம். 1998இல் டின்னைத் திறந்தபோது எழுந்த அதே வாசனை கூடம் முழுவதும் நிறைந்திருந்தது. அந்த டின் கோயில் கடையில் வாங்கியது என்றே இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன். ‘கடை டின்னைக் கழுவி நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்’ என்றார் அம்மா.

காலை பத்து மணிக்கு மலையேறத் தொடங்கினோம். நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். முன்பே எடுத்து வைத்திருந்தோம். தண்ணீரைப் பெரிய கேனிலும் எவர்சில்வர் சொம்பிலும் எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரம், ஏப்ரல் 1 முதல், நாளொன்றுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகளும் வார இறுதியில் 6,000 வண்டிகளும் மட்டுமே அனுமதிக்கப்படும் என்ற செய்தி அப்போது வந்திருந்தது. மலையைச் சொந்த ஊராகக் கொண்ட இருவர் என் வண்டியில் இருந்தார்கள். இருவருமே அந்த வரம்பு வேண்டும் என்றார்கள். கோடையில் நெரிசலில் சிக்கி, மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள் சாலையில் நின்ற கதைகளை பூம்பாறை சொன்னாள்.

பழனியிலிருந்து கொடைக்கானல் செல்லும் பாதை சுமார் 65 கிலோமீட்டர். வத்தலக்குண்டுப் பாதையைப் போல அதில் கூட்டம் இராது. வரதமாநதி அணையைத் தாண்டியதும் முட்காடு, அதன்பின் மூங்கில், சவரிக்காட்டுக்கு மேலே காற்றின் தன்மையே மாறிவிடுகிறது. பெருமாள்மலையில் பெரிய சாலையைத் தொட்டு, வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கி, ஊத்து என்ற இடத்தில் பண்ணைக்காட்டுச் சாலைக்குத் திரும்பினோம். அந்தத் திருப்பத்தில் தாண்டிக்குடி என் பக்கத்து இருக்கைக்கு மாறி உட்கார்ந்துகொண்டாள். அவள் அம்மா போன பிறகு நாங்கள் மூவரும் அவள் வீட்டுக்குப் போவது அதுதான் முதல் தடவை.

தாண்டிக்குடியில் பாலமுருகன் கோயில் இருக்கிறது. மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு வந்த முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தான் என்றும், ‘தாண்டிக்குதி’ என்பதே தாண்டிக்குடி ஆயிற்று என்றும் ஊரில் சொல்வார்கள். பூம்பாறையிலும் முருகன்தான், குழந்தை வேலப்பர். மூன்று தோழிகளும் மூன்று முருகன் ஊர்க்காரிகள் என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது.

வண்டியை விட்டு இறங்கியவுடன் எனக்குத் தலை சுற்றியது போல் இருந்தது. மல்லிகை வாசனை. வண்டியில் இருக்கும் பூக்கட்டு அவிழ்ந்துவிட்டதோ என்று பார்த்தேன். கட்டு அப்படியே இருந்தது. வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுவதும் காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. ஒவ்வொரு கிளையிலும் கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாகப் பூக்கள், இலையே தெரியவில்லை. தாண்டிக்குடியின் அப்பா வாசலுக்கு வந்து, ‘வா தாயி, ஒன்பது நாளைக்கு முன்னால மழை பெஞ்சுச்சு, நீங்க வர்ற அன்னைக்குன்னு பூத்திருக்கு’ என்றார். மார்ச், ஏப்ரலில் பெய்யும் கோடை மழையில்தான் காப்பி பூக்கும். மொட்டுகள் வறட்சியில் உறங்கிக் கிடக்கும். மழை பட்டு எட்டுப் பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் விரியும். இரண்டு மூன்று நாட்களில் உதிர்ந்துவிடும். அந்த மழையைப் பூ மழை என்கிறார்கள். அது தவறினால் அந்த ஆண்டின் விளைச்சலே தவறிவிடும். விடுதியில் தாண்டிக்குடி, ‘எங்க ஊரும் உங்க ஊரு மாதிரியே மணக்கும்டி’ என்று சொல்வாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்று எண்ணியிருந்தேன்.

அவளுடைய அப்பா எங்களைத் தோட்டத்துக்குள் அழைத்துச் சென்றார். உயரத்தில் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மீது ஏறிய மிளகுக் கொடிகள், அதற்குக் கீழே மலைவாழை, அதற்கும் கீழே காப்பி என்று நான்கு அடுக்காகப் பயிர் நிற்கிறது. காலையில் பழனியில் நாங்கள் பிசைந்த பழம் இப்படிப்பட்ட சரிவுகளிலிருந்து இறங்கியதுதான். ‘எங்கப்பா காலத்துல இங்க கமலா ஆரஞ்சுதான்’ என்று வெறுமையாக இருந்த ஒரு மேட்டைக் காட்டினார். நோய் வந்து ஆரஞ்சு மரங்கள் காய்ந்துபோயின. மலைவாழையையும் முடிக்கொத்து நோய் விட்டு வைக்கவில்லை. அசுவினிப் பூச்சி பரப்பும் அந்த நோய் வந்தால் இலைகள் உச்சியில் குறுகிக் கொத்தாக நின்றுவிடும், தார் போடாது, மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிப்பதே வழி. கீழ்ப்பழனி மலையில் மலைவாழையின் பரப்பு பெருமளவு சுருங்கியது இதனால்தான். அவர் பேசும்போது பயிர்களைக் குடும்பத்து மனிதர்களைப் போலவே சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பியதும் அடுப்பைப் பற்றவைத்து, இரும்பு வறுசட்டியை ஏற்றி, போன டிசம்பரில் பறித்த காப்பிக் கொட்டையை இரண்டு கை அள்ளிப் போட்டார். பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்திலிருந்து கொட்டை முதலில் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. அப்போது வந்தது நெல் அவிக்கும் வாசனை. பின்னர் பழுப்பேறியது. சட்டென்று சடசடவென வெடிக்கத் தொடங்கியது. கரண்டியை நிறுத்தாமல் கிளறிக்கொண்டே இருந்தவர் ஒரு நொடி தயங்கி மகளைப் பார்த்தார். ‘இப்ப இறக்கிரணும்பா’ என்றாள் அவள். முறத்தில் கொட்டிப் புடைத்தபோது தோல் பறந்தது. ஓரத்தில் நாலைந்து கொட்டைகள் கருகியிருந்தன. அவற்றை விரலால் ஒதுக்கியபடியே, ‘அவ வறுத்தாக் கருகாது’ என்றார்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. தாண்டிக்குடி கை அரைவை மிஷினை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அரைக்கத் தொடங்கினாள். நான் என் பூக்கட்டை அவிழ்த்து, கூடத்தில் மாட்டியிருந்த அவள் அம்மாவின் படத்துக்கு ஒரு முழம் கட்டினேன். படத்தில் இருப்பவர் சிரிக்காமல், சற்றே தலை சாய்த்து, எதையோ கேட்டுக்கொண்டிருப்பவரைப் போல இருந்தார். அதே தலைச் சாய்வு அவர் மகளிடம் உண்டு. 28 ஆண்டுகளாக நான் பார்த்து வந்த அந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. பின்னர் டிகாஷன் இறங்கியது. சிக்கரி கலக்காத காப்பி. பாலுக்கு மேல் சற்றே புளிப்பு நின்றது. முதல் டம்ளரைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அடுத்ததை அவளுடைய அப்பா எனக்குக் கொடுத்தார்.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். பந்தலில் பறித்த சௌசௌவைக் கூட்டு வைத்து, பச்சை மிளகை நசுக்கி ரசம் வைத்திருந்தார்கள். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு மூவரும் என்னை எழுப்பி வாழ்த்துச் சொன்னார்கள். இருட்டில் காப்பிப் பூவின் வாசனை பகலை விட அதிகமாக இருந்தது. கீழே பள்ளத்தில் யானைகளை விரட்டுகிறார்களோ என்னவோ, தொலைவில் வெடிச் சத்தம் கேட்டது. அப்படியே பேசிக்கொண்டு விழித்திருந்தோம்.

27ஆம் தேதி காலையில் மீண்டும் பெருமாள்மலை ஏறி, கொடைக்கானலை நிற்காமல் கடந்து, காட்டு வழியே பூம்பாறைக்குப் போனோம். ஊருக்குச் சற்று முன்னால் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் பூம்பாறை. ‘இங்கேருந்து பாத்தாத்தான் எங்க ஊரு’ என்றாள். கீழே பள்ளத்தில் ஓட்டு வீடுகளும் தகர வீடுகளும் நெருக்கமாகக் குவிந்திருக்க, அவற்றைச் சுற்றி மலை முழுவதையும் படிப்படியாக வெட்டி வயலாக்கியிருந்தார்கள். சில படிகள் பச்சை, சில பொன்னிறம், சில அப்போதுதான் உழுத செம்மண். பொன்னிறமாகத் தெரிந்தவை அறுவடைக்கு நின்ற பூண்டு வயல்கள்.

கொடைக்கானல் மலைப்பூண்டை ஆண்டுக்கு இரண்டு முறை விதைக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஊன்றியது பங்குனியில் தாள் பழுத்துச் சாயும். நாங்கள் போன நேரத்தில் தோழியின் அண்ணன் வயலில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். தாள் மட்டும் கையோடு வந்துவிட்டது. மண்ணைச் சிறு களைக்கொத்தால் நெகிழ்த்தி, அடியில் விரல் கொடுத்துத் தூக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். வெளிவந்த பூண்டின் மேல்தோல் ஈரமாக, இளஞ்சிவப்பு ரேகைகளோடு இருந்தது. வேரில் தொங்கிய மண் கறுப்பாக, உதிரியாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் மண் வாசனைதான் வந்தது. பூண்டு முழுதாக இருக்கும்வரை மணப்பதில்லை. அதன் பல்லை நசுக்கும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருக்கும் அல்லின் என்ற பொருளும் அதை மாற்றும் நொதியும் கலந்து, அல்லிசின் உண்டாகி, அந்தக் காரமான நெடி எழுகிறது. வெப்பம் பட்டால் நொதி செயலிழந்துவிடும். ரசத்துக்கு நசுக்கிப் போட்ட பூண்டு காரமாகவும், குழம்பில் முழுதாக வெந்த பூண்டு இனிப்பாகவும் இருப்பது இதனால்தான். ஊறுகாய்க்குப் பூண்டைப் பாதி நசுக்கி, சற்று நேரம் வைத்திருந்து, அதன் பிறகே எண்ணெயில் போட வேண்டும் என்று பூம்பாறையின் அம்மா சொன்னபோது, அவர் இதையேதான் வேறு சொற்களில் சொல்கிறார் என்று புரிந்தது.

அந்த வீட்டின் அடுப்படிக்கு மேலே பரண் இருக்கிறது. பிடுங்கிய பூண்டைத் தாளோடு சேர்த்துப் பிடி பிடியாகக் கட்டி, பரணின் குறுக்குக் கம்புகளில் தொங்கவிடுகிறார்கள். அடுப்புப் புகை நாள்தோறும் அதன்மீது படுகிறது. புகை ஏறிய பூண்டு ஓராண்டு வரை சுருங்காமல், முளைக்காமல் இருக்கும். அடுத்த போகத்துக்கு விதையும் அதுவே. இந்தப் பூண்டுக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊறுகாயில் நான் விடுதியில் உணர்ந்த மெல்லிய புகை மணம், தாளிப்பைச் சற்றே கருக விட்டதால் வந்தது என்று அப்போது நினைத்திருந்தேன். தலையை உயர்த்திப் பரணைப் பார்த்தேன். கம்புகள் புகை படிந்து தார் பூசியது போல் பளபளத்தன. அவற்றில் போன ஆண்டுப் பூண்டு ஒரு வரிசையும், புதிய பூண்டு ஒரு வரிசையுமாகத் தொங்கின.

மதியச் சாப்பாட்டைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். பூண்டுக் குழம்பு, தணலில் சுட்ட உருளைக்கிழங்கு, சுட்ட பூண்டு, மொச்சைப் பொரியல், சோறு. சுட்ட பூண்டின் அடியைப் பிடித்து அழுத்தினால் உள்ளிருந்து வெண்ணெய் போல வழிந்து சோற்றில் விழும். அதற்கு மேல் இரண்டு கல் உப்பும் ஒரு கரண்டி நெய்யும் போதும். நான் மூன்று முழுப் பூண்டு சாப்பிட்டேன். பூம்பாறையின் அம்மா எனக்கு இன்னும் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, ‘ஊறுகா தீந்துபோச்சுன்னு நீதானே லெட்டர் எழுதுன?’ என்று கேட்டார்.

எனக்கு நினைவில்லை. அவர் எழுந்துபோய் இரும்புப் பெட்டியிலிருந்து ஓர் இன்லண்டு கடிதத்தை எடுத்து வந்தார். 1999இல் எழுதியது. என் கையெழுத்துதான். ‘அம்மா, உங்கள் பெண்ணுக்கு இன்று பிறந்தநாள், நாங்கள் நன்றாகக் கொண்டாடினோம், ஊறுகாய் தீர்ந்துவிட்டது, அடுத்த முறை இரண்டு தூக்கு கொடுத்தனுப்புங்கள், நாங்கள் நால்வரும் விடுமுறையில் உங்கள் ஊருக்கு வருகிறோம்’ என்று எழுதி, கீழே நால்வரும் ஊர்ப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தோம். பூம்பாறை அதை வாங்கிப் படித்துவிட்டு, சத்தமில்லாமல் தாண்டிக்குடியிடம் நீட்டினாள். தாண்டிக்குடி தன் பழைய கையெழுத்தின் மீது விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். ‘ரெண்டு தூக்கு அனுப்புனேன்ல?’ என்றார் அம்மா. அனுப்பியிருந்தார், அது நன்றாக நினைவிருக்கிறது.

மாலையில் குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போனோம். பழனி மூலவரைப் போலவே இந்த மூர்த்தியையும் போகர் நவபாஷாணத்தில் செய்தார் என்பது ஐதீகம். என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தார்கள். மூன்று நாட்களில் என் உண்மைப் பெயரை உரக்கச் சொல்லக் கேட்டது அந்த ஒரு முறைதான். மீதமிருந்த மல்லிகையைச் சாமிக்குக் கொடுத்தேன். மலைக் குளிரில் அது பறித்த அன்று போலவே இருந்தது. இரவு என் அம்மாவின் அதிரசத்தைப் பழனியிலிருந்து கொண்டுவந்த பஞ்சாமிர்தத்தில் தொட்டு, தாண்டிக்குடிக் காப்பியோடு சாப்பிட்டோம். பரிமாற டிரங்குப் பெட்டிதான் இல்லை. பூம்பாறையின் அம்மா கடிதம் வைத்திருந்த இரும்புப் பெட்டியையே இழுத்துப் போட்டுத் துண்டு விரித்தோம்.

மறுநாள் மன்னவனூர் புல்வெளி வரை போய்விட்டுத் திரும்பினோம். அங்கே 1965 முதல் இயங்கும் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையத்து ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மூடுபனி இறங்கியதால் அதிகம் பார்க்க முடியவில்லை. புறப்படும்போது பூம்பாறையின் அம்மா பரணிலிருந்து ஒரு பிடிப் பூண்டை அறுத்துக் கொடுத்தார். மதுரையில் என் சமையலறை ஜன்னல் கம்பியில் அது தொங்குகிறது. இருபதில் ஏழு தீர்ந்துவிட்டது.

அடுத்து வருவது ஐப்பசியில் பழனியின் பிறந்தநாள். இந்த முறை நிலக்கோட்டைக்கு வருவதாக மூவரும் சொல்லிவிட்டார்கள். விடிவதற்கு முன் பூச்சந்தையைப் பார்க்க வேண்டுமாம், என் அம்மா அதிரசம் சுடும்போது பக்கத்தில் உட்கார வேண்டுமாம். அம்மாவுக்கு 73 வயதாகிறது. மழைக்காலத்தில் வெல்லம் கசிந்துவிடும், பாகு சரியாக வராது என்று இப்போதே கவலைப்பட்டுக்கொண்டு, ஆவணியிலேயே நல்ல வெல்லமாகப் பார்த்து வாங்கி வைக்கச் சொல்லி நேற்றும் தொலைபேசியில் நினைவூட்டினார். எத்தனை கிலோ என்று கேட்டேன். ‘நாலு பேரும் வர்றீங்கள்ல, அஞ்சு வாங்கு’ என்றார்.